குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே

2024 டிசம்பரில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஏலம் ஒன்றில் ஒரு ஜோடிக் காலணி 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போனது. ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் 3 கோடியே 25 லட்சம். 1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்காக, ஜூடி கார்லண்ட் அணிவதற்கென்று செய்த சிவப்புக் காலணிகளில் அது ஒன்று. மினசோட்டாவில் அந்த நடிகையின் பெயரால் இயங்கும் அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் களவு போய், 2018இல் மீட்கப்பட்டது. அதன் உடன்பிறப்பான இன்னொரு ஜோடி வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஜோடியைப் பழுதாகாமல் காப்பதற்கென்று 2016இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். மூன்று லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது.

அந்தக் காலணி செய்யப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஒரு ஷூ கம்பெனி தயாரித்த வெள்ளைப் பட்டுக் காலணியை எடுத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான சிவப்புச் சமிக்கிகள் தைத்த மெல்லிய துணியை அதன்மேல் போர்த்தினார்கள். மூலக்கதையில் அது வெள்ளிக் காலணி. வண்ணப்படம் புதுமையாக இருந்த காலம் என்பதால் திரையில் வெள்ளி சிவப்பாக மாறியது. எல்லாவற்றையும்விட முக்கியமான விவரம் காலணியின் அடியில் இருக்கிறது. நடனக் காட்சிகளில் மரத்தளத்தில் கால் படும் ஓசை ஒலிப்பதிவில் விழக்கூடாது என்று தடித்த கம்பளித் துணியை ஒட்டியிருந்தார்கள். நடக்கும் சத்தமே கேட்கக்கூடாத காலணி அது. கண்ணுக்காக, இன்னும் துல்லியமாகச் சொன்னால் கேமராவின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது.

அதே ஜூடி கார்லண்டுக்காக 1938இல் இன்னொரு காலணியும் உருவானது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் சால்வதோரே ஃபெராகாமோ வடிவமைத்த வானவில் செருப்பு. தக்கையை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு நிற ஸ்வேட் தோலால் மூடி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார். குதிகாலின் கீழே அந்த அடுக்குகள் உயர்ந்து நிற்கின்றன, விரல்களின் கீழே தட்டையாகப் பரவுகின்றன. மேலே பொன்னிற ஆட்டுக்குட்டித் தோல் வார்கள், அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்த்தால் நிறங்களின் விளையாட்டு என்றே தோன்றும். அந்த அடுக்குகளுக்கு நிறத்தைத் தாண்டி ஒரு வேலை இருக்கிறது. மேலே நிற்பவளின் எடையை அவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பெண்ணின் பாதத்துக்காக இரண்டு காலணிகள். காலணி வடிவமைப்பை அணியக்கூடிய கலை என்று பேசும்போது பெரும்பாலும் முதல் வகைதான் மனதில் வருகிறது. பளபளப்பு, கற்பனை, வினோதம், விலை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையின் பக்கம் நிற்கிறது. காலணியின் கலை அதன் மேற்பரப்பில் இருப்பதைவிட அது பாரம் தாங்கும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது.

ஓவியத்துக்கு ஒரு சுவர் போதும். சிற்பத்துக்கு ஒரு பீடம். காலணிமீதோ ஒரு முழு ஆள் ஏறி நிற்கிறார். நிற்பதோடு விடுவதில்லை. நடக்கிறார், படியேறுகிறார், பஸ்ஸுக்கு ஓடுகிறார். ஒவ்வோர் அடியிலும் எடை குதிகாலில் இறங்கி, பாதத்தின் வெளிவிளிம்பு வழியே நகர்ந்து, பெருவிரலின் அடியிலிருந்து எம்பிப் புறப்படுகிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அத்தனையும் அசையும்போது மேலே மூடியிருக்கும் தோலும் துணியும் வாரும் கூடவே அசைய வேண்டும், கடிக்கவும் கூடாது. வேறெந்தக் கலைஞனுக்கும் இவ்வளவு கறாரான நிபந்தனை இல்லை.

அந்த நிபந்தனையைத் தன் கலையின் மையத்தில் வைத்துக்கொண்டவர் ஃபெராகாமோ. 1898இல் நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே போனிட்டோ என்ற மலைக்கிராமத்தில், ஏழை விவசாயக் குடும்பத்தின் 14 பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தார். எதிர்வீட்டுச் செருப்புத் தைப்பவரின் கடையில் போய் உட்கார்ந்துகொள்வது சிறுவனின் வழக்கம். வீட்டில் அதற்குத் திட்டு. கையில் காசில்லாத குடும்பம்தான். ஆனாலும் செருப்புத் தைப்பது தங்களைவிடத் தாழ்ந்த வேலை, குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று பெற்றோர் நினைத்தார்கள். தேவாலயச் சடங்குக்கு மகளுக்கு வெள்ளைக் காலணி வாங்க வழியில்லாமல் அவர்கள் தவித்த நேரத்தில், ஒன்பது வயதுப் பையன் எதிர்க்கடையில் கருவிகளையும் துணியையும் கேட்டு வாங்கிவந்து இரவோடு இரவாகத் தைத்து முடித்தான். தன் சுயசரிதையில் அவரே சொல்லும் கதை இது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை.

நேப்பிள்ஸில் தொழில் பழகி, ஊரில் சொந்தமாகக் கடை போட்டு, பதின்பருவம் முடியுமுன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டனில் அண்ணன் வேலை பார்த்த ஷூ ஃபேக்டரியைப் போய்ப் பார்த்தார். இயந்திரங்கள் வேகமாகத் துப்பிய காலணிகள் அவருக்குக் கனமாகவும் முரட்டுத்தனமாகவும் தெரிந்தன. அங்கே தங்கவில்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சினிமா கம்பெனிக்குக் கௌபாய் பூட்ஸ் தைத்தார். சினிமாத் தொழில் ஹாலிவுட்டுக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் போய் 1923இல் கடை திறந்தார். செசில் பி. டிமில் எடுத்த ‘தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தின் கூட்டத்துக்கெல்லாம் செருப்புச் செய்து கொடுத்தது அந்த ஆண்டில்தான்.

சினிமாவுக்குச் செய்கிறவருக்குத் தோற்றம் ஒன்றே போதும். பார்க்க நன்றாக இருந்தால் காசு கிடைத்துவிடும், கம்பளி ஒட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஃபெராகாமோவை ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. அளவு சரியாக இருக்கும்போதே காலணி ஏன் வலிக்கிறது? அதற்கு விடை தேடி லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக வகுப்புக்குப் போய் உடற்கூறு படித்தார். எலும்புக்கூட்டின் முன்னால் நின்று பாத எலும்புகளை எண்ணினார். நேராக நிற்கும் மனிதனின் எடை கொத்தனாரின் தூக்குக்குண்டு போலச் செங்குத்தாக இறங்குகிறது. அது வந்து விழும் இடம் பாதத்தின் உள்வளைவு, குதிகாலுக்கும் விரல்களுக்கும் நடுவே இருக்கும் சிறிய பகுதி. அதுவரை செருப்புத் தைப்பவர்கள் குதியையும் விரலையும்தான் அளந்தார்கள். நடுவே இருந்த அந்த இடம் அந்தரத்தில் தொங்கியது. ஃபெராகாமோ அங்கே ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை வைத்தார். பாதம் முன்னால் சறுக்கி விரல்களை நெரிப்பது நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் தகடு தெரியாது.

பின்னால் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற அவருடைய அத்தனை வடிவங்களும் கண்ணுக்குத் தெரியாத இந்த ஓர் இடத்திலிருந்து பிறந்தவை.

1927இல் அவர் இத்தாலிக்குத் திரும்பினார். கைத்திறன் நிறைந்த ஊர் என்று ஃபுளோரன்ஸைத் தேர்ந்தெடுத்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க வாடிக்கை கைவிட, 1933இல் திவாலானார். மறுபடி தலையெடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் அடுத்த அடி விழுந்தது. 1935இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. சர்வதேச சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. நல்ல தோலும் எஃகும் போருக்குப் போய்விட்டன. கிடைத்த மட்ட எஃகில் செய்த தகடுகள் காலடியில் உடைந்தன. பாத வளைவைத் தாங்கும் முறையைத் தன் கண்டுபிடிப்பாக வைத்திருந்தவருக்கு அதைத் தாங்கப் பொருள் இல்லை.

அப்போது அவர் கையில் எடுத்தது சார்டீனியத் தீவின் தக்கை. ஒயின் புட்டியை மூடும் அதே மரப்பட்டை. குதிக்கும் பாதத்தின் முன்பகுதிக்கும் நடுவே இருந்த காலியிடத்தில் தக்கைத் துண்டுகளைத் திணித்து, ஒட்டி, சீவி, மறுபடி திணித்து, கடைசியில் அந்த இடைவெளியே இல்லாமல் ஆக்கிவிட்டார். வெட்ஜ் ஹீல் என்று இன்று எந்தக் கடையிலும் கேட்டு வாங்கும் வடிவம் அப்படித்தான் வந்தது. முதலில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவரை வற்புறுத்தி அணியவைத்தார் ஃபெராகாமோ. அவர் அதை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக, சில வாரங்களில் ஊர் முழுக்க அதையே கேட்டது. வானவில் செருப்பின் அடியில் இருப்பது இந்தத் தக்கைதான்.

இந்த வடிவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ‘தட்டுப்பாடு கற்பனையைத் தூண்டியது’ என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். அந்தத் தட்டுப்பாட்டுக்குக் காரணமான போரில் எத்தியோப்பிய மக்கள்மீது இத்தாலிய விமானங்கள் விஷவாயு வீசின. ஃபுளோரன்ஸில் ஒருவர் தக்கையைச் சீவிக்கொண்டிருந்தது அந்தப் போர்க் காலத்தில்தான். செருப்புத் தைப்பவர்மீது அந்தப் பழியைச் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழுப் பதிலையும் சொல்லியாக வேண்டும்.

தோல் கிடைக்காத ஆண்டுகளில் ஃபெராகாமோ தொட்ட பொருட்களைப் பார்த்தால் வியப்பு வரும். ராஃபியா நார், சணல், மரம், மீன் தோல், சரிகை. அவருடைய தாய்க்குச் சாக்லேட் என்றால் உயிர். அவர் பிரித்துப் போட்ட மிட்டாய்த் தாளை விரல்களால் முறுக்கிப் பார்த்தபோதுதான் அந்தக் கண்ணாடித் தாளைக் காலணிக்குப் பயன்படுத்தும் எண்ணம் வந்தது. நிறம் ஏற்றிய தாளை நூலோடு சேர்த்து முறுக்கிப் பின்னினால் தோலைப்போல வளைந்து கொடுத்தது, தோலுக்கு இல்லாத மினுமினுப்பும் இருந்தது. இங்கேயும் மினுமினுப்பு இருக்கிறது. ஆனால் அது மேலே ஒட்டிய சமிக்கி இல்லை. பாதத்தைப் பிடித்திருக்கும் பின்னலே மினுங்குகிறது.

1947இல் அவர் செய்த ‘கண்ணுக்குத் தெரியாத செருப்பு’ இந்த வழியின் உச்சம். ஆர்னோ ஆற்றில் தூண்டில் போடுபவர்களின் நைலான் நரம்பைப் பார்த்துத் தோன்றிய யோசனை. மேற்புறத்தில் தோல் வாரே கிடையாது. ஒளி ஊடுருவும் நைலான் நரம்பு பலமுறை குறுக்கே போய் வந்து பாதத்தைப் பிடிக்கிறது. அடியில் வெட்ஜின் பின்பக்கத்தைக் குடைந்து எடுத்து, காலணியே காற்றில் நிற்பதாகக் காட்டியிருக்கிறார். ஃபேஷன் உலகில் பெருமையாகக் கருதப்பட்ட நீமன் மார்கஸ் விருது அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது. கூடவே விருது பெற்றவர் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் தியோர். செருப்பு மட்டும் கடையில் பெரிதாக ஓடவில்லை. பாதம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதைப் பெண்கள் விரும்பவில்லை.

இந்தத் தோல்வி அந்தப் படைப்பின் தரத்தைக் குறைத்துவிடாது. ஆயினும் அணிபவர் ஏற்காத காலணி ஒரு வகையில் முடிவுறாத படைப்புதான். வானவில் செருப்பின் வடிவம் எத்தனையோ பேர் காலில் ஏறி எத்தனையோ தெருக்களில் தேய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செருப்போ பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

போர் முடிந்து எஃகு மறுபடி கிடைத்ததும் காலணியின் உருவம் தலைகீழாக மாறியது. பாரிஸின் ரோஜர் விவியே சிற்பக்கலை படித்தவர். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பொன்னிறச் செருப்பு வடிவமைத்தவரும் அவரே. தியோருடன் சேர்ந்து வேலை செய்த ஐம்பதுகளில் அவருடைய ஹீல்ஸ் பென்சில் பருமனுக்கு மெலிந்தது. ஸ்டிலெட்டோவை முதலில் செய்தவர் யார் என்பதில் பல உரிமைகோரல்கள் உண்டு. அதைச் சாத்தியமாக்கியது உள்ளே செருகிய எஃகுக் கம்பி. மரம் மட்டும் என்றால் அந்தப் பருமனில் முறிந்துவிடும். விவியே பின்னாளில் காற்புள்ளிபோல உள்நோக்கி வளைந்த குதியையும் வடித்தார். கோட்டின் அழகைப் பொறுத்தவரை அவருக்கு நிகர் சொல்வது கடினம்.

ஆனால் பாரம் எங்கே போனது? ஒரு முழு ஆளின் எடை நகத்தளவு இடத்தில் இறங்கியது. மரத்தளங்கள் குழிவிழுந்தன, பல பொதுக் கட்டடங்களில் ஸ்டிலெட்டோவுக்குத் தடை போட்டார்கள். தரைக்கு ஏற்பட்ட சேதம் எல்லோருக்கும் தெரிந்தது. குதி உயர உயர எடை முன்னங்காலுக்குத் தள்ளப்படுவதும், அங்கே விரல்கள் நெருக்கப்படுவதும் அணிந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. ஃபெராகாமோ படித்துக் கண்டுபிடித்த அந்த நடு இடத்தை அழகின் பெயரால் மறுபடி அந்தரத்தில் விட்டார்கள். அவரே ஐம்பதுகளில் மர்லின் மன்றோவுக்கு உயரமான ஹீல்ஸ் செய்தார் என்பது உண்மைதான். வளைவுக்குத் தாங்கல் கொடுத்துவிட்டே செய்தார் என்பது அவர் தரப்பு நியாயம். அதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. தாங்கல் இருந்தாலும் அந்த உயரத்தில் விரல்கள் படும் பாடு மாறுவதில்லை.

இதே வழியின் கடைசி முனையில் நிற்பது ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீன் 2009 அக்டோபரில் பாரிஸ் மேடையில் இறக்கிய ஆர்மடில்லோ காலணி. ஓர் அடி உயரம். உள்ளே பாதம் ஏறக்குறைய விரல்நுனியில் நிற்கும். வெளியே பார்த்தால் மனிதப் பாதம் என்றே சொல்ல முடியாது, கடலடி உயிரினம் ஒன்றின் ஓடு. அதைப் போட்டுக்கொண்டு நடக்க மாட்டோம் என்று மூன்று மாடல்கள் அந்தக் காட்சியிலிருந்தே விலகிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது நியாயம். அதே நேரம், அந்த ஓட்டின் முன்பக்கத்தில் விரல்களுக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கிறது. அலங்காரம் என்று கடந்துவிடலாம். கனமான காலணியை ஒவ்வோர் அடிக்கும் விரல்களாலேயே நெம்பித் தூக்குவதற்கு அந்தப் புடைப்பு இடம் கொடுக்கிறது. பாதத்தை முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றும் வடிவத்துக்குள்ளும் அதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஆர்மடில்லோவில் பாராட்ட வேண்டியது அந்தப் புடைப்பையே.

நடக்கும்போதுதான் நிறைவுபெறும் காலணி இந்தியாவிலும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 1995இல் கட்டடம் எழுப்பிய பாட்டா காலணி அருங்காட்சியகம், இந்தியப் பாதுகைகளைத் தந்தத்திலும் வெள்ளியிலும் மரத்திலும் சேர்த்துவைத்திருக்கிறது. பாதுகைக்கு வார் கிடையாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் மட்டும்தான் பிடிமானம். அந்தக் குமிழைத் தாமரை மொட்டாகச் செய்து, அடியில் ஒரு நெம்புவிசை வைத்த பாதுகைகள் இருந்திருக்கின்றன. கால் ஊன்றினால் விசை அழுந்தி மொட்டு விரியும், தூக்கினால் மூடிக்கொள்ளும். அணிந்து நடந்தால் ஒழியப் பூ பூக்காது. பிச்சாடனர் திருமேனியில் சிவன் காலில் பாதுகை போட்ட தமிழ்ச் சிற்பிகளுக்கும் காலணி உருவத்தின் ஓர் அங்கமாகவே தெரிந்திருக்கிறது. பாதுகை செய்த தச்சர்களின் பெயர்தான் எங்கும் கிடைப்பதில்லை.

ஃபெராகாமோவிடம் இந்தியாவிலிருந்து வந்த வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் கூச் பிகார் மகாராணி இந்திரா தேவி. வெல்வெட் காலணியில் பதிப்பதற்குத் தன் சேகரிப்பிலிருந்து வைரங்களையும் முத்துகளையும் அனுப்பிவைத்தவர் அவர். ஃபுளோரன்ஸ் கைவினைஞருக்கு அவர் கொடுத்த மதிப்பு சரியான மதிப்பு. அதே காலத்தில் இந்தியக் கிராமங்களில் செருப்புத் தைத்தவர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள். தாங்கள் தைத்ததைத் தாங்களே அணிந்து மேல்சாதித் தெருவில் நடக்க முடியாத நிலை பல ஊர்களில் இருந்தது. போனிட்டோவிலும் செருப்புத் தைப்பது இழிவுதான். ஆனால் அந்த இழிவை ஒருவர் தன் ஆயுளுக்குள் தாண்டிவிட முடிந்தது. 1938இல் ஃபெராகாமோ ஃபுளோரன்ஸின் நடுவே பதின்மூன்றாம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றையே விலைபேசினார். சாதி அப்படித் தாண்டவிடாது.

கர்நாடகத்தின் வீரசைவ மரபு ஒரு கதை சொல்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரத்தில் செருப்புத் தைக்கும் ஹரளய்யாவுக்கு அந்த மரபின் தலைவரான பசவண்ணர் மதிப்போடு வணக்கம் சொல்கிறார். தன் சாதிக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில் நெகிழ்ந்துபோன ஹரளய்யாவும் மனைவியும் தங்கள் தொடைத் தோலை உரித்து அவருக்குச் செருப்புத் தைக்கிறார்கள். தனக்கு அதை அணியும் தகுதி இல்லை என்கிறார் பசவண்ணர். பின்னர் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடக்கிறது. பிஜ்ஜள மன்னன் இரண்டு தகப்பன்களுக்கும் மரண தண்டனை விதிக்கிறான். கல்யாண நகரம் கலவரத்தில் எரிகிறது. செருப்பைப் பற்றிய கதைகளில் இதற்கு இணையாக மனதை உலுக்குவது வேறு இல்லை. செய்தவரின் உடம்பே அங்கே பொருளாகிறது, அதைக் காலில் போடப் பசவண்ணருக்கே துணிவு வரவில்லை.

அந்த நிலப்பரப்பை ஒட்டித்தான் கோலாப்பூர் செருப்பு பிறந்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்கள், கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்கள் என எட்டுக்கும் சேர்த்து 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமைத் தோலைக் கருவேலம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அடித்தோலின் அடுக்குகளைச் சேர்க்க ஆணி கிடையாது, தோலிலேயே கீறி எடுத்த நாரால் தைக்கிறார்கள். பின்னலும் மேல்வேலையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில். புதுச் செருப்பு முதலில் விறைப்பாக இருக்கும், கடிக்கவும் செய்யும். எண்ணெய் தடவித் தடவி அணிந்தால் சில வாரங்களில் அடித்தோல் அமுங்கி, பெருவிரலும் குதியும் பதிந்த குழிகளோடு அணிபவரின் பாத வடிவத்துக்கே வந்துவிடும். ஃபெராகாமோ தகடு வைத்தும் தக்கை திணித்தும் சாதித்த பொருத்தத்தை இந்தத் தோல் தன் இயல்பிலேயே பெறுகிறது. பாதி வேலையைச் செய்தவர் முடிக்கிறார், மீதியை அணிபவர் நடந்து முடிக்கிறார்.

2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் ஆண்களுக்கான தொகுப்பைக் காட்டியபோது மாடல்களின் காலில் இருந்தது ஏறக்குறைய இதே செருப்பு. வெறும் ‘தோல் செருப்பு’ என்று குறிப்பிட்டார்கள், கோலாப்பூரின் பெயர் இல்லை. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்த பிறகு, இந்திய மரபுக் கைவினையே அதன் தூண்டுதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தமும் கையெழுத்தானது. நல்லதுதான். ஆனால் அந்தச் செய்திகளில் நிறுவனத்தின் பெயரும் கழகங்களின் பெயரும் அமைச்சர்களின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தன. வடிவத்தை இத்தனை தலைமுறையாகத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தவர்கள் ‘கைவினைஞர்கள்’ என்ற பன்மைக்குள் ஒடுங்கிப்போனார்கள். ஃபெராகாமோ தன் பெயரில் பதிவுசெய்த காப்புரிமைகள் முந்நூறுக்கும் மேல். அவர் 1960இல் இறந்த பின் மனைவி வாண்டாவும் பிள்ளைகளும் நிறுவனத்தை நடத்தினார்கள். 1995இல் அந்த அரண்மனையிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். நடிகைகளின் கால் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டைகள் அங்கே பெயரோடு இருக்கின்றன. பெயர் நிலைக்க இப்படிப் பதிவும் சேமிப்பும் பணமும் வேண்டியிருக்கிறது. திறமை மட்டும் அதைக் கொண்டுவந்து சேர்க்காது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து ஃபேக்டரிகளில் ஐரோப்பியப் பெயர்களுக்காக ஷூக்கள் தயாராகின்றன. ஸ்டிச்சிங் பிரிவில் வரிசை வரிசையாகப் பெண்கள். டிசைன் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பார்கள். வருவது பெரும்பாலும் ஒரு படம், ஒரு மாதிரி, சில நிறங்கள். அது நடக்கக்கூடிய காலணியாவது பேட்டர்ன் அறையில்தான். லாஸ்ட் எனப்படும் பாத வடிவக் கட்டைமீது பேட்டர்ன் வெட்டுபவர் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறார். அதன்மேல் பென்சிலால் கோடுகளை இழுக்கிறார். பின் பிளேடால் கீறி உரித்து, வளைந்திருந்ததைத் தட்டையாக்கி அட்டையில் படுக்கவைக்கிறார். காகிதத்தில் அழகாகத் தெரிந்த ஒரு கோடு கட்டைமேல் பெருவிரல் மூட்டில் போய் விழும். அங்கே தையல் வந்தால் காலைக் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கோட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறார், விளிம்புத் தோலை எவ்வளவு மெலிதாகச் சீவ வேண்டும் என்று குறித்துவைக்கிறார், சேம்பிள் தைக்கக் கொடுக்கிறார். ஃபெராகாமோ பாத எலும்புகளைப் படித்து எடுத்த முடிவுகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். சேம்பிள் சரியாக வந்தால் அந்தக் கோடு ஆயிரக்கணக்கான ஜோடிகளில் அப்படியே போகிறது. பெட்டிமேல் அச்சாவது வேறு ஒருவரின் பெயர்.